கப்பல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள்

கேள்வி: மதராஸ் பட்டாளத்தில் இருந்த எங்கள் முன்னோர் ஒருவர் 1854-ல் 'லேடி நியூஜென்ட்' என்ற கப்பலோடு மூழ்கிப்போனார் என்று வீட்டிலுள்ள பழைய கடிதம் சொல்கிறது. அது போர்க்கப்பலா? அதைப் பற்றி எங்கே தேடுவது?

பதில்: போர்க்கப்பல் இல்லை, வாடகைக்கு ஓடிய வணிகப் பாய்மரக் கப்பல். 1813-ல் பம்பாயில் கட்டியது. அப்போது இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி சர் ஜார்ஜ் நியூஜென்ட்; அவர் மனைவியின் பெயரைத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 1835-ல் சிட்னிக்கும் மறு ஆண்டு ஹோபார்ட்டுக்கும் கைதிகளை ஏற்றிப்போனது. 1841-ல் குடியேறிகளை நியூசிலாந்தில் இறக்கியது. 1854 மே மாதம் சுமார் 400 சிப்பாய்களோடு சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கிளம்பி, புயலில் மூழ்கியது. நாற்பது வருடம் ஒரு மரக்கப்பல் உழைத்ததா என்று வியக்காதீர்கள். பம்பாயில் தேக்கில் கட்டினார்கள். ஓக் மரம் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கு அரிக்காது.

தேட முதல் இடம் லாயிட்ஸ் கப்பல் பதிவேடு. ஆண்டுதோறும் வந்தது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கப்பல் பெயர், கேப்டன், டன் (கப்பலின் கொள்ளளவு), கட்டிய ஊர், ஆண்டு, உரிமையாளர், போகும் வழி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடிய காலம் என்பதால் கட்டிய ஊரும் ஆண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டன் மட்டும் மாறியிருந்தால் வேறு கப்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1835 சட்டத்துக்குப் பிறகு டன் அளக்கும் முறையே மாறிவிட்டது. இன்னொரு தொல்லை, கேப்டன் மாறிய பிறகும் பழைய பெயரையே சில வருடம் அச்சடித்துக்கொண்டிருப்பார்கள். 1833 வரை கப்பல் முதலாளிகளும் காப்பீட்டுக்காரர்களும் தனித்தனிப் பதிவேடு போட்டார்கள், இரண்டையும் பாருங்கள்.

வருகை, புறப்பாடு, விபத்துச் செய்திகளுக்கு லண்டனில் அச்சான 'லாயிட்ஸ் லிஸ்ட்' ஏடு. அதில் 1854 மே இதழ்களைப் புரட்டிப் பயனில்லை. சென்னைச் செய்தி லண்டன் போகவே ஒரு மாதத்துக்கு மேலாகும். ஜூலையிலிருந்து தொடங்குங்கள்.

சிப்பாய்களின் பெயர் இவை எதிலும் இருக்காது. அதற்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ராணுவத் துறைக் கோப்புகளைக் கேட்க வேண்டும். போகும் முன், கடிதத்தில் ரெஜிமென்ட் எண் எங்காவது இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.