சீக்கிரம் அடக்கும் மாத்திரையில்தான் கவனம் வேண்டும்

கேள்வி: சூளகிரியில் இருந்து ஓசூர் சிப்காட்டுக்குப் பைக்கில் வேலைக்குப் போகிறேன். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். படபடப்பு, பயத்துக்கு டாக்டர் காலையில் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., இரவில் குளோனாசெபாம் 0.5 மி.கி. எழுதிக் கொடுத்தார். 12 நாள் ஆகிறது. இரவு மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் மனசு அடங்குகிறது. காலை மாத்திரையால் குமட்டல்தான் மிச்சம். அதை விட்டுவிட்டு இரவு மாத்திரையை மட்டும் தொடரலாமா?

பதில்: வேண்டாம். குமட்டலோடு வேலைக்கும் போய்க்கொண்டு 12 நாள் விடாமல் போட்டிருக்கிறீர்கள். இப்போது விட்டால் அந்தப் பாடெல்லாம் வீண்.

எஸ்சிட்டலோபிராம் மெதுவாகப் பிடிக்கும். பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுசாகத் தெரிய இன்னும் சில வாரம். ஆரம்பக் குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். குளோனாசெபாமை எழுதுவது, அந்த இடைப்பட்ட நாட்களைத் தாண்டத்தான். நாள்பட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அதே அளவு போதாது. அப்புறம் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிடக் கூடும், சிலருக்கு வலிப்பே வரும். அதனால் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் திரும்ப வாங்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டர் குறைத்துக் கொடுப்பார்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் பைக்தான். குளோனாசெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். காலையில் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் கை பிரேக்குக்குப் போவது ஒரு கணம் தாமதப்படும். லாரிகள் ஓயாத அந்த நெடுஞ்சாலையில் அந்தக் கணம் உயிர். இந்த மாத்திரை இருக்கும்வரை பஸ்ஸில் போங்கள். மிஷினில் நிற்கிற வேலை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில், சீட்டில் ‘இரவு’ என்று இருக்கிறதே என்று வேலைக்குக் கிளம்பும்முன் போட்டுவிடாதீர்கள். காலையில் வீடு திரும்பித் தூங்கும்போது போடலாமா என்று கேட்டு, நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள். எஸ்சிட்டலோபிராமுக்கு ஷிப்ட் தடையில்லை, தினமும் ஒரே நேரம் போதும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

மது கூடவே கூடாது. குளோனாசெபாமோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். சளி மாத்திரை சிலது தூக்கத்தைக் கூட்டும். முதுகுவலிக்கு டைக்லோபினாக் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம், டிரமடால் போட்டால் வலிப்பு அபாயம். எது வாங்கினாலும் இந்த இரண்டு மாத்திரையின் பேரையும் சொல்லி வாங்குங்கள்.

நன்றாக ஆன பிறகும் எஸ்சிட்டலோபிராமை ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம்.

இருப்புக்கொள்ளாத தவிப்போ, சாக வேண்டும் என்ற எண்ணமோ வந்தால் அடுத்த ரிவியூ வரை காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள், அவர் கிடைக்காவிட்டால் ஓசூர் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. நைட் ஷிப்டில் இருந்தாலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.