மவுத் ஆர்கன் பராமரிக்க என்னென்ன கருவி வாங்க வேண்டும்? செட்டாக விற்பதை வாங்கலாமா?

உங்களிடம் இருப்பது ஹோனர் ஸ்பெஷல் 20 மவுத் ஆர்கன், 2-ஆம் ஓட்டையில் டிரா (மூச்சை உள்ளிழுத்து வாசிக்கும் சுரம்) சரியாக வரவில்லை, அதனால் டூல் செட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அந்த செட்டில் பாதி, ரீடு (உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் பித்தளை நாக்கு) மாற்றுகிறவர்களுக்கும் சுருதி சேர்க்கிறவர்களுக்கும் ஆனது. தொடக்கத்தில் ஒரு நல்ல திருப்புளி, மெல்லிய தகடு, பல் குத்தும் குச்சி, லென்ஸ் இவ்வளவு போதும்.

திருப்புளி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். வீட்டில் கிடந்த பெரிய திருப்புளியால் என் முதல் ஆர்கனைத் திறக்கப் போய், ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிட்டது. பிறகு அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அதற்கப்புறம் சென்னை ரிச்சி தெருவில் செல்போன் சர்வீஸ்காரர்கள் வாங்கும் சின்ன பிலிப்ஸ் திருப்புளிகளை வாங்கினேன். போகும்போது ஆர்கனையும் எடுத்துப் போங்கள். முனையை ஸ்க்ரூவில் வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது உங்கள் அளவு இல்லை.

திறக்கும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் வையுங்கள்.

மெல்லிய தகட்டுக்கு பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜே போதும். உதிரிபாகக் கடையில் கிடைக்கும். 0.05 மி.மீ. இதழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒருமுறை எனக்கு 4-ஆம் ஓட்டை டிரா திடீரென்று நின்றுபோனது. ரீடு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். மூடியைக் கழற்றி லென்ஸில் பார்த்தால், ரீடின் ஓரத்துக்கும் அது பொருத்தப்பட்ட பிளேட்டுக்கும் நடுவில் கைக்குட்டை நூல் ஒன்று, தலைமுடியில் பாதிகூட இருக்காது, சிக்கியிருந்தது. இதழை ரீடின் அடியில் நுழைத்து, ரிவெட் (ரீடைப் பிளேட்டில் பிடித்திருக்கும் ஆணி) பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மெதுவாக இழுத்ததும் நூல் வந்துவிட்டது. எப்போதும் அந்தத் திசைதான். எதிர்த்திசையில் இழுத்தாலோ குறுக்கே தேய்த்தாலோ ரீடு வளைந்துவிடும், அல்லது பிளேட்டில் உரச ஆரம்பிக்கும்.

தையல் ஊசி வேண்டாம், பித்தளையில் கீறல் விழும். ரீடில் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ படவே கூடாது. தூசியை இழுத்து ஒட்டவைக்கும். தவிர, அது நாம் வாய் வைக்கிற பொருள்.

சுருதி சேர்ப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், ரிவெட் பக்கம் சுரண்டினால் இறங்கும். விதி என்னவோ இவ்வளவுதான், ஆனால் சுரண்டிய பித்தளை திரும்ப வராது. கெட்டுப்போன பழைய ஆர்கன் ஒன்று கிடைக்கட்டும், அதில் பழகுங்கள். ஆணி அடித்த, மரச் சீப்பு (நடுவில் காற்று போகும் அறைகள் உள்ள பகுதி) வைத்த பழைய மாடல் மரைன் பேண்ட் (ஹோனரின் இன்னொரு ஆர்கன்) கையில் வந்தால் அதன் கதையே வேறு. அதைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், மரம் ஊறிப் பருத்துவிடும்.

இனி உங்கள் 2-ஆம் ஓட்டை. கீழ் மூடியைக் கழற்றினால் டிரா ரீடுகள் பத்தும் வெளியே தெரியும். இரண்டாவதன் நுனியைக் குச்சியால் லேசாகத் தூக்கி விடுங்கள். "டிங்" என்று அதிர்ந்து மெல்ல அடங்கினால் ரீடில் குறையில்லை. சட்டென்று அடங்கினால் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நுனியின் இடைவெளியைப் பாருங்கள். ஏறத்தாழ ரீடின் கனம் அளவுக்கு இருக்க வேண்டும், தாழ்ந்த சுரங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. ரொம்பக் குறைந்தால் காற்று பட்டதும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டும் சரியாக இருந்தால் மூடியை மாட்டிவிட்டு, தாடையைத் தளர்த்தி, வாயை இன்னும் கொஞ்சம் உள்ளே வைத்து, மெதுவாக மூச்சை இழுத்துப் பாருங்கள். புதிதாக வாசிக்கிறவர்களுக்கு 2 டிரா வராமல் போவது பெரும்பாலும் வலுவாக இழுப்பதால்தான். எனக்கும் முதல் சில மாதங்கள் வரவில்லை.