ஜூலை 4 போதாதா?

கேள்வி: அமெரிக்காவில் ஜூலை 4 சுதந்திர தினம் இருக்கும்போது, அடிமைமுறை முடிந்ததற்கு ‘ஜூன்டீன்த்’ என்று இன்னொரு தேசிய விடுமுறை எதற்கு? (வாசகர், கரூர்)

பதில்: 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்த விடுமுறையை எதிர்த்து வாக்களித்த 14 பிரதிநிதிகளில் சிலரும் இதைத்தான் சொன்னார்கள், இரண்டு சுதந்திர தினம் நாட்டைப் பிரிக்கும் என்று. சரி, 1776-இல் யாருக்குச் சுதந்திரம் வந்தது? லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அப்போதும் அடிமைகள்தான். 1863-இல் லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டும், 1865 ஜூன் 19 அன்று (அந்த நாள்தான் ஜூன்டீன்த்) ராணுவம் கால்வெஸ்டன் நகரில் அறிவித்த பிறகுதான் டெக்சாஸில் விடுதலை நடைமுறைக்கு வந்தது. இரண்டரை வருஷம்! அத்தனை நாள் உழைப்புக்கு யார் கூலி கொடுத்தார்கள்? இந்த விடுமுறைக்காக 2016-இல், 89 வயதில், வாஷிங்டனை நோக்கி நடக்கக் கிளம்பினார் ஓபல் லீ என்ற முன்னாள் ஆசிரியை. ‘எதற்கு’ என்று என்னால் அவரிடம் கேட்க முடியாது.