மாடி அறையில் புழுங்கும் இரவுகள்

கேள்வி: நாங்கள் சென்னை வியாசர்பாடியில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன்-எச், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். மொட்டை மாடியில் உள்ள அறையில்தான் படுக்கிறார். கழிப்பறை கீழே இருக்கிறது. மே மாதம் பிறந்ததிலிருந்து தலைசுற்றல், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு. போன வாரம் விடியற்காலையில் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். அவர் வெயிலில் போவதே இல்லை. பருவநிலை மாற்றத்தால் கூடும் வெப்பம் வீட்டுக்குள் இருப்பவரையும் பாதிக்குமா?

மருத்துவர் பதில்:

பாதிக்கும். ஆனால் அம்மா சரிந்து விழுந்ததை ‘வெயில் மயக்கம்’ என்று விட்டுவிடாதீர்கள். ஓரிரு நாளில் அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விழுந்தபோது தலையில் அடிபட்டிருந்தாலோ, மறுபடியும் மயக்கம் வந்தாலோ இன்றைக்கே போக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நடக்க முடியாத ஒரு பெரியவரைப் பார்க்க அவருடைய மாடி அறைக்கு இரவு ஒன்பதரை மணிக்குப் போயிருந்தேன். சுவரில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான பாத்திரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, இறங்கியதெல்லாம் அனல். கட்டிலருகே மூடி வைத்த சொம்பில் தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். “குடித்தால் ராத்திரியில் யாரையாவது எழுப்ப வேண்டுமே” என்றார். உங்கள் கடிதத்தில் ‘கழிப்பறை கீழே’ என்ற வரியைப் படித்ததும் அந்தச் சொம்புதான் நினைவுக்கு வந்தது. அம்மாவும் மாலைக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாரா என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்குகிறது. சென்னையில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். புழுக்கத்தில் அது வழிந்தோடுகிறதே தவிர உலர்வதில்லை. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். எனவே புவி வெப்பமாவது கடலோர ஊர்களில் புழுக்கத்தையும் கூட்டுகிறது. 1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. கடலோரப் பகுதிகளில் பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அத்துறை வெப்ப அலை என்று கணக்கிடுகிறது. உங்கள் அம்மாவின் அறையில் இரவு பதினொரு மணிக்கு இருக்கும் சூடு அந்தக் கணக்கில் வராது. இதுதான் என் பெரிய கவலை. பகல் வெயிலிலிருந்து உடல் தேறிக்கொள்ள வேண்டிய நேரம் இரவு. அதுவும் போய்விட்டால் இதயமும் சிறுநீரகமும் ஓய்வின்றி உழைக்கின்றன.

இனி மாத்திரைகள். டெல்மிசார்டனுக்குப் பின்னால் வரும் ‘எச்’ என்பது ஹைட்ரோகுளோரோதயாசைடு; உடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும் மருந்து. கோடையில் ரத்த நாளங்கள் விரிவதால் ரத்த அழுத்தம் தானாகவே சற்று இறங்கும். குளிர்காலத்தில் பொருந்திய அளவு மே மாதத்தில் மிகுதியாகிவிடலாம். எழுந்து நின்றதும் சரிவது, கெண்டைக்கால் பிடிப்பது இரண்டும் இதோடு ஒத்துப்போகின்றன. கிளிமிபிரைடால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்கும் வியர்வை, தலைசுற்றல்தான் அறிகுறிகள். தலைசுற்றும்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளோடு ஒரு ஈசிஜியும் தேவை.

இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், தாகத்துக்குக் காத்திராமல் பகலில் மணிக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். வயதானால் தாகம் மந்தமாகிவிடும். உப்புக் குறைத்த நீர்மோர் மிக நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. எனவே பரிசோதனை முடிவு வரும்வரை இளநீர் வேண்டாம். இரவுக்கு மாடியிலேயே ஒரு கமோட் நாற்காலி வைத்துவிடுங்கள். அது இருந்தால்தான் அவர் தண்ணீர் குடிப்பார்; இருட்டில் படியிறங்கவும் வேண்டாம். காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகு நிற்கட்டும்.

மே, ஜூன் மாதங்களுக்கு அம்மாவின் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடிந்தால் அதுவே முதல் மருந்து. முடியாவிட்டால் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்; வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கீற்றுப் பந்தல் போட்டால் இன்னும் நல்லது. படுக்கும் முன் குளிக்கட்டும். புழுக்கம் தாங்காத நேரத்தில் கழுத்தையும் கைகளையும் ஈரத்துணியால் துடைத்து மின்விசிறிக்கு எதிரே உட்காரட்டும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்தால் அறை அடுப்பாகிவிடும். வலை அடித்துத் திறந்து வையுங்கள். மாடியில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் இருந்தால் இறுக மூடி, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். சூடு கூடக் கூட அதன் வளர்ச்சியும் வேகமாகும்.

பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றினாலோ, உடல் கொதித்து நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். வியர்த்திருந்தாலும் அதுவாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது.

மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் நீங்களே வாங்கிய வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையும் நீர் வெளியேற்றும் மருந்தும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. உடம்பில் நீர் வற்றியிருக்கும் இந்த மாதங்களில் இன்னும் கூடுதல் கேடு.