மனையில் ஷெட் போட்டுக் குடியேறினால் வாடகை மிச்சமாகுமா?

கேள்வி: செங்கல்பட்டுக்கு அருகே ஓர் ஊராட்சியில் எங்களுக்கு அரை கிரவுண்டு மனை இருக்கிறது. இப்போது மாதம் 7,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். வாடகையும் கொடுத்து வீடும் கட்ட முடியாது என்பதால், மனையிலேயே சிமெண்ட் ஷீட் கூரையில் ஒரு ஷெட் போட்டு, ஏழு வயது மகனோடும் மூன்று வயது மகளோடும் ஒன்றரை ஆண்டு அங்கேயே இருந்து, மிச்சமாகும் பணத்தில் வீட்டைக் கட்டலாம் என்று எண்ணுகிறோம். தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எதுவும் அங்கே இல்லை. கழிப்பறையை வீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். இது சரிவருமா? குறைந்த செலவில் எப்படிச் சமாளிப்பது?

பதில்: சரிவரும். ஆனால் கழிப்பறை இல்லாமல் ஒரு நாள்கூட அங்கே குடியேற வேண்டாம். உங்கள் கணக்கின்படி பதினெட்டு மாதத்தில் 1,26,000 ரூபாய் மிச்சமாக வேண்டும். இரண்டு குழந்தைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, நீங்களோ கணவரோ வேலைக்குப் போகாமல் மருத்துவமனையில் உட்கார நேர்ந்தால், அந்தத் தொகையில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே எதில் செலவைக் குறைப்பது, எதில் குறைக்கக் கூடாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நான் பிரிக்கும் முறை எளியது: நாளை கட்டப்போகும் வீட்டுக்கும் பயன்படுகிற எதையும் இப்போதே ஒழுங்காகச் செய்துவிடுங்கள், வீடு முடிந்ததும் பிரித்துப்போடப் போகிற எதிலும் கையை இறுக்கிப் பிடியுங்கள். கழிப்பறையும், தண்ணீர் சேமிக்கும் தரைத் தொட்டியும் முதல் வகை. தகரமும் கம்பமும் இரண்டாம் வகை.

அதனால் ஷெட்டுக்கு முன்னால் வீட்டின் வரைபடம் வேண்டும். வரைபடம் இல்லாமல் தோண்டிய குழி பின்னர் படுக்கையறைக்கு அடியில் வந்து நிற்பதுண்டு. அங்கீகரிக்கப்பட்ட மனையாக இருந்தால், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் குடியிருப்புகளுக்கு, விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே சான்றளிக்கும் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் வசதி 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் 1,200 சதுர அடி மனை அந்த வரம்புக்குள் வருகிறது. இந்த அனுமதி கையில் இருந்தால் மின் இணைப்புக்கும் உதவும்.

வரைபடத்தில் கழிப்பறைக்கு ஒதுக்கிய இடத்திலேயே, இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறையைக் கட்டச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1 மீட்டர் உள்விட்டமும் 1 மீட்டர் ஆழமும் கொண்ட இரண்டு வட்டக் குழிகள், அவற்றுக்கிடையே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி, சுற்றுச்சுவரில் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல், பூசப்படாத மண் தரை, மேலே கான்கிரீட் மூடி. இவ்வளவுதான் அதன் அமைப்பு. கழிப்பறையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு சந்திப்புத் தொட்டியில் பிரியும். ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் வழிவிட்டு மற்றதை அடைத்துவைக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு குழி நிரம்ப மூன்று ஆண்டுகள் வரை ஆகும். நிரம்பியதும் அதை அடைத்து இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். மனிதர் இறங்கி அள்ளும் கொடுமைக்கோ, லாரி அழைக்கும் செலவுக்கோ இடமில்லை. கழிப்பறைப் பீங்கானில், செங்குத்தான சரிவுள்ள ஊரக வகையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஒரு தடவைக்கு 1.5 முதல் 2 லிட்டர் தண்ணீர் போதும். தண்ணீரைச் சுமந்து வரும் வீட்டில் இந்த வேறுபாடு சிறியதல்ல. இப்போதைக்குச் சுவரும் கதவும் தகரத்தில் இருக்கலாம். குழியும் பீங்கானும் மட்டும் நிரந்தரமாக அமையட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய இடர் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். குடிநீர் எடுக்கும் கிணறோ ஆழ்குழாயோ குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 30 அடிக்கு 40 அடி மனை என்றால் அதன் நீளமே 12 மீட்டர்தான். குழியை ஒரு மூலையிலும் ஆழ்குழாயை அதற்கு எதிர்மூலையிலும் வைத்தால்தான் இந்த இடைவெளி கிடைக்கும். பக்கத்து வீட்டாரின் ஆழ்குழாய் எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள். ஏரிக்குப் பக்கமுள்ள மனையாக இருந்து மழையில் நீர் மேலேறி வந்தால், உறிஞ்சுகுழி பொருந்தாது; அடியும் சுவரும் பூசிய கழிவுநீர்த் தொட்டியே கட்ட வேண்டும். தூய்மை இந்தியா இயக்கத்தின் ஊரகப் பிரிவில், தகுதியுள்ள குடும்பங்களுக்குத் தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டு வந்திருக்கிறது. உங்களுக்குக் கிடைக்குமா என்பதை வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள்.

அடுத்தது தண்ணீர். பேரிடர் முகாம்களுக்கான பன்னாட்டு அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டரைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நான்கு பேருக்கு 60 லிட்டர், அதாவது நான்கைந்து குடம், இல்லாமல் ஒரு நாளை ஓட்டவே முடியாது. துவைக்கவும் சேர்த்து 120 லிட்டராவது திட்டமிடுங்கள். தெருக்குழாய் எவ்வளவு தூரம், எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள் என்பதை மனைக்குப் போய் அங்குள்ள பெண்களிடமே கேட்டறியுங்கள். தண்ணீர் சுமக்கும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும் என்பதால், இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது நல்லது. கட்டுமானத்துக்கும் தண்ணீர் தேவை என்பதால், தரைத் தொட்டியை இப்போதே கட்டிவிடுவது வீண்செலவு ஆகாது.

லாரித் தண்ணீரைத் தொட்டியில் இறக்கினால், 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பொட்டலத்தைத் திறந்துவைத்தால் அந்தத் தூள் வீரியம் இழக்கும். காற்றுப் புகாத டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிக்கும் தண்ணீரைத் தனியே கொதிக்க வைத்து ஆற்றி, அடியில் குழாய் வைத்த மூடிய பாத்திரத்தில் நிரப்புங்கள். கொதிக்க வைத்த நீரில் கை நனைய டம்ளரை முக்கி எடுத்தால், கொதிக்க வைக்கச் செலவான எரிவாயு வீண். எரிவாயு தீர்ந்துபோன நாளில், தெளிந்த தண்ணீரை 2 லிட்டருக்கு மிகாத நிறமற்ற பெட் பாட்டில்களில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தி வைத்தாலும் கிருமிகள் அழியும். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். கலங்கல் நீருக்கு இந்த முறை உதவாது.

சேமித்த நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக வெளிவர ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒருநாளைக் குறித்துவைத்து, டிரம், குடம் அனைத்தையும் காலிசெய்து உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே நீரைக் கொட்டினால் போதாது; சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குளியல், பாத்திரம் கழுவிய நீரைக் கழிப்பறைக் குழிக்கு விடாமல், இரண்டு வாழைக் கன்று நட்டு அங்கே திருப்பிவிடுங்கள்.

சிமெண்ட் ஷீட் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. சந்தையில் அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் பல, ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். பிரிக்கும்போது உடைந்தால் மறுபடியும் அதே தூசி. மறுவிற்பனை மதிப்பும் அதற்குக் குறைவு. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடோ வண்ணத் தகடோ வாங்கினால் வீடு முடிந்ததும் விற்றுவிடலாம், அல்லது மாடிப்படிக்கு மேல் கூரையாகப் போட்டுக்கொள்ளலாம். தகடு சூடாகும் என்பது உண்மை. ஷெட்டின் உயர்ந்த பக்கம் பத்து அடியாவது இருக்கட்டும். எதிரெதிர்ச் சுவர்களில், மேல்விளிம்பை ஒட்டி முக்கால் அடி இடைவெளி விட்டு வலை அடித்தால், சூடேறிய காற்று வெளியேறிவிடும். தகட்டின் மேல்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், உள்ளே ஓர் அடி கீழிறக்கி மூங்கில் பாய் கட்டுவதும் செலவு குறைந்த, பலன் தெரியும் வழிகள். தென்னங்கீற்று வேய்வது இன்னும் குளிர்ச்சி தரும், ஆனால் உங்கள் வீட்டில் சிறு குழந்தைகளும் அடுப்பும் ஒரே கூரைக்கடியில் இருக்கும் என்றால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு செய்தாலும், சித்திரை, வைகாசி நண்பகலில் தகரக் கூரைக்கடியில் மூன்று வயதுக் குழந்தையை வைத்திருக்கக் கூடாது. மகளை அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள்; மதிய உணவும் அங்கேயே கிடைக்கும். மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் காலை உணவும் சத்துணவும் உண்டு. கோடை விடுமுறை நாள்களில் நண்பகல் பொழுதுக்கு உறவினர் வீடோ பக்கத்து வீட்டுத் திண்ணையோ கிடைக்குமா என்று முன்பே பேசிவையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் துத்தநாக மாத்திரைகளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கு, திட்ட அனுமதியைக் காட்டிக் கட்டுமானப் பணிக்கான தற்காலிக இணைப்பு வாங்கலாம். வீட்டு இணைப்பைவிட அதற்குக் கட்டணம் கூடுதல், இலவச யூனிட்டும் கிடையாது. எனவே அதை மோட்டாருக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, விளக்கையும் மின்விசிறியையும் சூரிய மின்தகட்டில் ஓட்டுவது மிச்சம். இரண்டு 5 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து மணி நேரமும், ஒரு 15 வாட் டி.சி. மின்விசிறி எட்டு மணி நேரமும் ஓடினால் 170 வாட்-மணி ஆகும். 75 வாட் தகடும் 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி மின்கலமும் அதற்குப் போதும், வீட்டுக்கும் பின்னாளில் பயன்படும். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துத் தகரக் கூரைமேல் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒயரின் மேலுறை ஓரிடத்தில் தேய்ந்தாலே முழுச் சுவரும் மின்சாரம் பாயும் உலோகமாகிவிடும், மழை நாளில் அதைத் தொட்டவர் பிழைப்பதே அரிது. தற்காலிக இணைப்பிலும், மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானை வைத்து, ஷெட்டின் உலோகச் சட்டத்துக்கு எர்த் கொடுத்தாக வேண்டும்.

சமையலை ஷெட்டுக்கு வெளியே, மூன்று பக்கம் திறந்த சிறு சாய்ப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எரிவாயு இணைப்பு இருந்தால் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் முகவரிச் சான்று கேட்காமல் அடையாள அட்டையை மட்டும் பெற்று விற்கப்படும் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. மழை நாளில் கரி அடுப்பை உள்ளே எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள், அதில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமே இல்லை. பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பதும், அரை வேக்காட்டில் சோற்றுப் பானையை இறக்கிப் பழைய கம்பளியில் சுற்றி வைப்பதும் எரிவாயுவை நன்றாக மிச்சப்படுத்தும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்குப் பழைய சோறு மிக ஏற்றது. ஆனால் அதில் ஊற்றும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

இரவில் யாரும் தரையில் படுக்க வேண்டாம். புதர் வெட்டிய புது மனையில், செங்கல், மணல் குவியலுக்கு எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அதன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. கட்டிலில் படுத்து, கொசுவலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டால் கொசுவுக்கும் பாம்புக்கும் ஒரே காப்பாகும். விடியற்காலையில் எவருக்காவது காரணமின்றி வயிற்றுவலி வந்து கண்ணிமை தொங்கினால், கட்டுப் போட்டும் கீறிப் பார்த்தும் நேரத்தை இழக்காமல் 108-ஐ அழைத்து, நச்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எப்போது குடியேறுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தை மாதம்தான் சரியான காலம். மார்கழிக்குள் கழிப்பறையையும் தொட்டியையும் முடித்து, ஷெட்டின் தரையை ஒன்றரை அடி மண்கொட்டி உயர்த்தி, பொங்கலுக்குப் பின் குடிபோனால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒன்பது மாதம் கிடைக்கும். அதற்குள் வீட்டில் ஓர் அறைக்காவது கான்கிரீட் கூரை போட்டுவிடப் பாருங்கள். முடியாவிட்டால், அந்த ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் மட்டும் ஒரு சிறு அறையை வாடகைக்கு எடுக்கும் தொகையை உங்கள் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தகரக் கூரைக்கடியில் இருக்கக் கூடாது. உங்கள் ஊராட்சியில் எந்தப் பள்ளியைப் புயல் நிவாரண முகாமாகத் திறக்கிறார்கள் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பட்டா, குடும்ப அட்டை, ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும்படி வையுங்கள்.