கொதிக்க வைத்த பழமும் கலங்கிய ஒயினும்

கேள்வி: பிளம்ஸ் பழத்தைக் கொதிக்க வைத்துச் சாறெடுத்து 5 லிட்டர் ஒயின் போட்டேன். நுரை அடங்கி 3 மாதமாகியும் கலங்கலாகவே இருக்கிறது. துணியில் வடிகட்டியும் பயனில்லை.

பதில்: கொதிக்க வைத்ததில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். சூட்டில் பழத்தின் பெக்டின் சாற்றில் இறங்கிவிடும். ஜாமை இறுக வைக்கிறதே, அதேதான். துணியில் அது நிற்காது.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு ஸ்பூன் ஒயினில் 4 ஸ்பூன் மெத்திலேட்டட் ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்த ஆல்கஹால்) விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். என் முதல் பிளம்ஸ் ஒயினில் சளி போன்ற இழைகள் திரண்டு மேலே மிதந்தன. அப்படி வந்தால் பெக்டின்தான். சோதித்ததை உடனே கொட்டிவிடுங்கள். அது விஷம், நாக்கில்கூட வைக்கக் கூடாது.

மருந்து, பெக்டினைச் சிதைக்கும் பெக்டினேஸ் என்ற நொதி. சாறெடுக்கும்போதே சேர்த்திருந்தால் நன்றாக வேலை செய்திருக்கும். ஆல்கஹால் ஏறிய பிறகு மந்தமாகிவிடும். அதனால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைப் போல இரு மடங்கு போட்டு, குளிரில்லாத இடத்தில் சில வாரம் விடுங்கள். அவசரப்பட்டு ஜாடியை ஆட்டாதீர்கள். மண்டி படிந்ததும் குழாய் வைத்து மேலாக உறிஞ்சி வேறு ஜாடிக்கு மாற்றுங்கள்.

இழை வரவில்லையா? அப்போது மிதப்பது ஈஸ்ட்டாகவோ புரதமாகவோ இருக்கலாம். 5 கிராம் பென்டோனைட் களிமண்ணை வெந்நீரில் ஒரு நாள் ஊறவைத்துக் கலக்கிவிடுங்கள். புரதத்தை இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும்.