எழும்பூர் செப்புத் திருமேனிகள்: கேள்வி பதில்

போன சனிக்கிழமை, கல்லூரிக் காலத் தோழியோடு எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குப் போய் வந்தேன். நான் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் என்பதால், விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு கேள்வி அனுப்பிவிட்டீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

தாம்பரம் வாசகி: எப்போது போகலாம், டீச்சர்?

இப்போதே. மாசிக் காலையில் இன்னும் பனி வாடை இருக்கிறது, பங்குனி பிறந்தால் நடக்க முடியாது. மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

பெரம்பூர் வாசகர்: அதே நாளில் சோழமண்டலமும் பார்த்துவிடலாமா?

வேண்டாம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த கலைஞர்களும் கைவினைப் பொருள் விற்ற காசில் நிலம் வாங்கி, 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய கலைஞர் கிராமம் அது. அதற்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: ஒரு நாள் முழுக்க அப்படி என்னதான் பார்த்தீர்கள்?

திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றோம். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. வலப்பக்கம் சிவன், இரண்டு கைகள். இடப்பக்கம் உமை, ஒரே கை. மொத்தம் மூன்று கைகள் இருந்தும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தோன்றாது. எப்படி என்று இடுப்பைப் பாருங்கள். அவர் பக்கம் நேராக இறங்கும் கோடு, அவள் பக்கம் வளைந்து வெளியே போகிறது. அந்த வளைவுதான் இல்லாத நான்காவது கைக்கு ஈடு கொடுக்கிறது. சிவனின் முன்கை ஏன் மடங்கி அந்தரத்தில் நிற்கிறது என்று தோழி கேட்டாள். நந்தியின் தலைமேல் ஊன்றிய கை அது, நந்திதான் இப்போது இல்லை. எத்தனையோ முறை பார்த்த எனக்கு, அன்றைக்குத்தான் அந்த வெற்றிடம் உறுத்தியது.

ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்: பெயர்ப் பலகையை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் கண் ‘தெரிந்துவிட்டது’ என்று அடுத்த சிலைக்குத் தாவிவிடும்.

அம்பத்தூர் வாசகர்: அச்சு வைத்து எத்தனை சிலை வேண்டுமானாலும் வார்த்திருப்பார்கள்தானே?

இல்லை. தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். மெழுகும் போச்சு, மண்ணும் போச்சு. ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

குரோம்பேட்டை வாசகர்: வெள்ளிக்கிழமை திறந்திருக்குமா?

மேலே பாருங்கள்.

கும்பகோணம் வாசகர்: அம்மா, வீதி உலா வந்த சாமியைக் கண்ணாடிக்குள் வைத்து இடுப்பை ஆராய்வது சரியா? கோயிலுக்கே கொடுத்துவிட வேண்டாமா?

வேளச்சேரி வாசகர்: அவருக்கு நானே சொல்கிறேன். அது இப்போது கலைப்பொருள், உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது?

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கும்பகோணத்துக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பீடத்தில் உள்ள துளைகளும் வளையங்களும் உலாவுக்குத் தண்டு செருகவும் கட்டவும்தான். பட்டும் பூவும் சாத்தியே ஊர் பார்த்த உடம்பு இது. ஆனால் பல திருமேனிகள் மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டு, பிற்காலத்தில் தோண்டும்போது கிடைத்தவை. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி அரசிடம் வந்தன. கூடத்தில் இருப்பதெல்லாம் கோயிலிலிருந்து பறித்தது என்று எண்ண வேண்டாம்.

வேளச்சேரித் தம்பி, ‘வெறும் கலைப்பொருள்’ என்பதை நான் ஏற்கவில்லை. 1976ல் மண்ணில் கிடைத்துக் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர் வழக்கில், கோயிலே ஒரு கட்சிக்காரராக லண்டன் நீதிமன்றத்தில் நின்று ஜெயித்தது. 1991ல் சிலை திரும்பி வந்தது. வெறும் உலோகத்துக்காகவா அத்தனை வருடம் போராடினார்கள்? திரும்பி வந்தவரும் பாதுகாப்புக்காகத் திருவாரூர் சிலைக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் எனக்கு முழு நிம்மதி கிடையாது. காவல் உறுதியான கோயிலுக்குச் சாமி திரும்ப வேண்டும் என்றே விரும்புகிறேன்.

வேளச்சேரி வாசகர்: அப்போது நாங்களெல்லாம் எங்கே பார்ப்பது?

கோயிலில் பாருங்கள், தம்பி. அலங்காரத்துக்கு முன்னால், அபிஷேக நேரத்தில்.

போரூர் வாசகி: விடுமுறை எந்தக் கிழமை?

வெள்ளி. இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

பல்லாவரம் வாசகர்: அம்மாவை அழைத்துப் போகிறேன். சிலைக்கு முன்னால் கும்பிட்டு நிற்பார், சங்கடமாக இருக்குமே?

என் தோழியும் கும்பிட்டாள். அவள் கண் மூடியிருந்த நேரத்தில்தான் நான் திருவாலங்காட்டு நடராஜரின் தூக்கிய காலை நிதானமாகப் பார்த்தேன். அம்மா கும்பிடட்டும், அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நில்லுங்கள். பலகையை மட்டும் அப்புறம் படியுங்கள்.